கம்பிக்குக் கீழே ஒரு பாலம்

மோனோரயில் வேண்டாம், பஸ் வேண்டாம், கேபிள் கார்தான் சரி என்று முதன்முதலில் சொன்னவள் குணபூசணி. பிற்பாடு எவ்வளவோ நடந்தும் அதை மட்டும் அவள் மாற்றிச் சொன்னதில்லை. கேபிள் கார் சரியான முடிவுதான். அவளுடைய கோபம் வேறு.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு. தெலுக் பங்லிமா காராங்குக்கு உள்ளே ஒரு பழைய செம்பனைத் தோட்டத்தை வாங்கி, பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது ஒரு கம்பெனி. பெரிய ரோட்டை ஒட்டி, ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஹோட்டல்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பூங்கா. ஆற்றுக்கும் பூங்காவுக்கும் நடுவில் சதுப்பு நிலமும், தோட்டத்தில் மிச்சமிருந்த தொழிலாளர்களின் லயத்து வீடுகளும். ஹோட்டலில் தங்குகிறவர்களைப் பூங்காவுக்கு எதில் கொண்டுபோவது என்று ஆராய்ந்து சொல்லும் வேலை பெட்டாலிங் ஜெயாவில் சண்முகரத்தினம் நடத்திவந்த பொறியியல் நிறுவனத்துக்கு வந்தது. அவர் அதை குணபூசணியிடம் கொடுத்தார். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். ரயில்வே உத்தியோகத்தரின் மகள். சாலையும் ரயிலும்தான் படிப்பு, வேலை, பேச்சு எல்லாம்.

முடிவைச் சொல்லும் கூட்டத்துக்குக் கம்பெனியின் திட்ட இயக்குநர் ராதாகிருஷ்ணன் வந்திருந்தார். மோனோரயில் என்றால் விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும் என்பது அவர் எண்ணம். குணபூசணி சுவரில் வரைபடத்தை மாட்டிவிட்டுப் பேசினாள்.

"பஸ்ஸோ மோனோரயிலோ, ரெண்டுமே ஒரு கூட்டத்தை ஏத்திக்கிட்டுப் போயிடும். மிச்சப் பேரு அடுத்தது வர்ற வரைக்கும் நிக்கணும். பூங்கா மூடுற நேரத்துல எல்லாரும் ஒரே சமயத்துல வெளிய வருவாங்க. பிள்ளைங்கள தூக்கிக்கிட்டு வரிசையில நிப்பாங்க. கேபிள் கார்ல நிக்கிற வேலையே இல்லை. பெட்டி வந்துகிட்டே இருக்கும், ஏறிப் போய்க்கிட்டே இருக்கலாம். இந்தச் சதுப்புல மோனோரயிலுக்குத் தூண் இறக்கினா ஆழம் போய்க்கிட்டே இருக்கும். கேபிள் காருக்கு நாலஞ்சு இடத்துல கெட்டித் தரை கிடைச்சா போதும்."

ராதாகிருஷ்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கீழ தரையப் பத்தின கவலையே இல்ல, அப்படித்தானே?"

"ஒரு கவலை இருக்கு. கம்பி வழியில நின்னுடுச்சுன்னா மேல இருக்கிறவங்கள இறக்கணும். ஏணி வச்ச லோரி கம்பிக்குக் கீழ வரணும். அதுக்கு ஒரு சர்வீஸ் ரோடு, ஆத்து மேல ஒரு பாலம், ரெண்டும் கட்டாயம் வேணும்."

"போட்டுடலாம் லா, மிஸ் குணா. வரைஞ்சு கொடுங்க."

அவள் வரைந்து கொடுத்தாள். பாலத்தையும் ரோட்டையும் சேர்த்துத்தான் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கிடைத்தது.

தூண்களுக்கு இடம் பார்க்கப் போனபோதுதான் இராஜம்மாவைச் சந்தித்தாள். லயத்தின் கடைசி வீடு. அந்த வீட்டுக் கூரைக்கு நேர் மேலேதான் கம்பி போகப்போகிறது. இராஜம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கி உரமேறிய கைகள். புருஷன் இராமலிங்கம் குலை வெட்டுகிற வேலையில் இருந்து நின்றவர். நெஞ்சில் ஏதோ கோளாறு, மாதம் ஒருமுறை கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர்.

"மிஸ், நீங்கதான் ரோடு போடுறவங்களா?" என்றாள் இராஜம்மா.

"ரோட்டுக்கு பிளான் போட்டது நான்தான்."

"முந்தி இங்க ஒரு மரப்பாலம் இருந்துச்சு. லோரியெல்லாம் போகும். கம்பெனிக்காரங்க படகுல மெஷின் கொண்டாரணும்னு அதைப் பிரிச்சுப் போட்டுட்டாங்க. புதுசா கல்லுப்பாலம் கட்டித் தரோம்னாங்க. இப்ப நாங்க பெரிய ரோட்டுக்குப் போகணும்னா காட்டுக்குள்ள செம்மண் பாதையில அடுத்த தோட்டத்துப் பாலம் வரைக்கும் சுத்திப் போறோம். மழை பேஞ்சா அதுவும் இல்லை. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகாம கிடக்குதுங்க."

"பூங்கா பக்கமா போக முடியாதா?"

"பெரிய வாய்க்கா வெட்டி வேலி போட்டுட்டாங்களே."

குணபூசணி வரைபடத்தை விரித்துக் காட்டினாள். ரோடு எங்கே வரும், பாலம் எங்கே வரும் என்று விரலால் தொட்டுச் சொன்னாள். லயத்து ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இராமலிங்கம் வாசலில் உட்கார்ந்தபடியே, "கட்டாயம் வருமாம்மா?" என்று கேட்டார்.

"கட்டாயம் வரும், அங்கிள். பாலம் இல்லாம இதை ஓட்டவே முடியாது."

இராஜம்மா அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். வீட்டு வாசலில் தூண் விழாதபடி வரைபடத்தில் அதை நகர்த்தி வைத்துவிட்டு குணபூசணி நல்ல மனநிலையோடு வீட்டுக்குப் போனாள்.

தூண்கள் எழுந்தன. கம்பி இழுத்தாகிவிட்டது. பாலத்தின் வேலை மட்டும் தொடங்கவில்லை. கேட்டபோதெல்லாம், அடுத்த மாதம் என்றார்கள். வேறு ஒரு வேலைக்காக ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் அலைந்துகொண்டிருந்த குணபூசணி அதை நம்பினாள்.

அடுத்த ஆண்டு நவம்பரில் அடைமழை. கேபிள் காரில் பாரம் ஏற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்களுக்குப் பதிலாக ஒவ்வொரு பெட்டியிலும் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களை ஏற்றி, காலையிலிருந்து மாலைவரை ஓட்டிப் பார்ப்பார்கள். அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் இராமலிங்கத்துக்கு நெஞ்சு வலி வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் பெரிய ரோடு கண்ணுக்குத் தெரிகிறது. ஆம்புலன்ஸ் அங்கே வந்து நின்றதும் தெரிந்தது. அதற்கு மேல் வர வழியில்லை. ஆறு கரை புரண்டு ஓடியதால் சம்பான் படகும் போகாது. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அவரை உட்கார வைத்துத் துண்டால் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு செம்மண் பாதையில் நடந்தார்கள். முழங்கால்வரை சேறு. தலைக்கு மேலே பீப்பாய்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிதானமாக ஆற்றைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. காட்டைத் தாண்டுவதற்கு முன்பே இராமலிங்கத்தின் தலை சாய்ந்து உயிர் போய்விட்டது.

குணபூசணிக்கு விஷயம் காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்த வாசு என்ற செந்தூல் பையன் போன் பண்ணிச் சொன்னான். அவள் அன்றே போனாள். செம்மண் பாதையில் காரை நிறுத்திவிட்டுச் சேற்றில் நடந்து லயத்துக்கு வந்தாள்.

இராஜம்மா வாசலில் நின்றிருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"அக்கா, எனக்கு இப்பத்தான் தெரியும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? வரும்னு சொன்னது நீங்க. கம்பெனிக்காரன் சொன்னப்ப நாங்க நம்பலை. மரப்பாலத்தைப் பிரிச்சவன் பேச்சை எவன் நம்புவான். ஆபீஸ் முன்னாடி போய் உக்காரலாம்னு எல்லாரும் கிளம்பினாங்க. இவருதான் தடுத்தாரு. அந்தப் பொண்ணு படிச்ச பொண்ணு, நம்ம தமிழ்ப்பொண்ணு, கையால தொட்டுக் காட்டுச்சு, பொய் சொல்லாதுன்னாரு. நாங்களும் வாயை மூடிக்கிட்டு ஒரு வருஷம் இருந்துட்டோம். நீங்க வராமலே இருந்திருந்தா சண்டை போட்டாவது பாலத்தை வாங்கியிருப்போம்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்த குணபூசணி நிறுத்திக்கொண்டாள். அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளும் முகம் அல்ல அது. இராஜம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை குணபூசணி ராதாகிருஷ்ணனின் அறைக்குப் போனாள். அவர் பூங்காவின் சிறிய மாதிரி ஒன்றை மேசையில் வைத்திருந்தார். அதில் பொம்மைக் கேபிள் கார் இருந்தது. ஆறு இருந்தது. லயமும் பாலமும் இல்லை.

"பாலம் எங்கே?"

"ரெண்டாவது கட்டத்துக்குத் தள்ளிட்டோம்."

"ரெண்டாவது கட்டம் எப்போ?"

"அதை போர்டு முடிவு பண்ணும். இங்க பாருங்க மிஸ் குணா, ஒரு ரோடு போட்டா அதை ஒட்டி கடை வரும், வீடு வரும், அப்புறம் அந்த ஜனம் நகராது. ரோடு இல்லைன்னா ரெண்டு வருஷத்துல தானா கிளம்பிடுவாங்க. நீங்களே சொன்னீங்க, கேபிள் காருக்குத் தரை வேணாம்னு. அதனாலதானே உங்க யோசனைய எடுத்துக்கிட்டோம்."

கூட்டத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. பஸ் என்றால் ரோடு போட்டே ஆகவேண்டும். மோனோரயிலுக்கும் தூண் வரிசையோடு பாதை வேண்டும். மனிதர்களின் தலைக்கு மேலே போய்விட்டால் அவர்களுக்கு எதுவும் செய்யத் தேவையில்லை. அவள் ஒரு வருஷம் உழைத்துக் கண்டுபிடித்த நல்ல வழியை அந்த ஆள் இப்படித்தான் பார்த்திருக்கிறார்.

"ஒரு மனுஷன் செத்துப் போயிருக்காரு."

"ஹார்ட் பேஷண்ட். ரொம்ப வருத்தமா இருக்கு. மாலை அனுப்பியிருக்கோம்."

"அவரு நாற்காலியில போனாரு. உங்க தண்ணி பீப்பாய் கேபிள் கார்ல போச்சு."

"குரலை உயர்த்தாதீங்க," என்றார் ராதாகிருஷ்ணன்.

அவள் உயர்த்தவே இல்லை. பொம்மைக் கேபிள் காரைப் பிய்த்து எறிய வேண்டும் போல இருந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

சண்முகரத்தினம் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் அவளுடைய அப்பாவுக்குத் தெரிந்தவர். இரண்டும் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். ஒரே கோயில், ஒரே சங்கம்.

"பிள்ளை, உமக்கு விளங்கேல்லையோ? அவை எங்களுக்கு வேலை தாற ஆக்கள். பாலம் கட்டுறதும் கட்டாததும் அவையின்ர பாடு."

"பாலம் இல்லாமல் ஓட்டேலாது சேர். எங்கட அறிக்கையில அப்பிடித்தான் கிடக்கு."

"கிடக்கட்டும். எழுதினதோட எங்கட கடமை முடிஞ்சுது. தோட்டத்துச் சனத்துக்காக நீர் ஏன் உம்மட பேரைக் கெடுக்கிறீர்?"

தோட்டத்துச் சனம். சின்ன வயதில் வீட்டிலும் கோயிலிலும் எத்தனையோ தடவை கேட்ட சொல்தான். அப்போதெல்லாம் உறைக்காதது இப்போது உறைத்தது. அவள் அந்த மேசையில் வேலையை விட்டெறிந்துவிட்டு வந்திருப்பாள். ஆனால் வெளியே போய்விட்டால் கேபிள் காரில் கை வைக்கும் உரிமையும் போய்விடும் என்று தோன்றியது. "சரி சேர்," என்றாள். அவளுக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஜனவரியில் கடைசிச் சோதனை ஓட்டம். அதை நடத்திப் பார்க்கும் பொறுப்பு குணபூசணிக்கு. பூங்காவுக்குக் காப்புறுதி கொடுக்கவிருந்த கம்பெனியிலிருந்து லாவ் என்ற சீனர் வந்திருந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். அவரும் ராதாகிருஷ்ணனும் குணபூசணியும் ஒரே பெட்டியில் ஏறினார்கள். உச்சி வெயில். ராதாகிருஷ்ணன் கோட்டுப் போட்டிருந்தார். பெட்டி ஹோட்டலை விட்டு வழுக்கிக்கொண்டு கிளம்பி ஆற்றைக் கடந்தது. எவ்வளவு அமைதியாகப் போகிறது பாருங்கள் என்று ராதாகிருஷ்ணன் லாவிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்.

இராஜம்மாவின் கூரைக்கு மேலே வந்ததும் குணபூசணி வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"வாசு, நிறுத்து. அவசரகால சோதனை. எங்கள லோரி வச்சு இறக்கச் சொல்லு. நான் சொல்ற வரைக்கும் ஓட்டாத."

பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முன்னும் பின்னும் ஆடி அடங்கியது. காற்று வருவதும் நின்றுபோனது.

"என்ன இது?" என்றார் ராதாகிருஷ்ணன்.

"மேல மாட்டிக்கிட்டவங்கள இறக்க முடியுதான்னு பார்க்காம சோதனை முடியாது. ஒப்பந்தத்துல இருக்கு."

அவர் வாக்கிடாக்கியைப் பிடுங்கினார். "வாசு, நான் டைரக்டர் பேசுறேன். ஓட்டு."

"மிஸ் சொல்லணும் பாஸ்," என்றது வாக்கிடாக்கியில் வாசுவின் குரல்.

ஹோட்டல் பக்கமிருந்து ஏணி லோரி கிளம்பியது. மூன்று பேரும் மேலிருந்து அதைப் பார்த்தார்கள். ஆற்றங்கரைக்கு வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, இடுப்பில் கை வைத்து, ஆற்றைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து லோரியைத் திருப்பிக்கொண்டு செம்மண் பாதைக்குப் போனார். வெகுநேரம் கழித்துச் செம்பனைகளுக்கு நடுவில் அதன் கூரை தெரிந்தது. பிறகு ஓர் இடத்தில் அசையாமல் நின்றது. சக்கரம் சேற்றில் சுற்றும் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பெட்டிக்குள் சூடு ஏறியது. ராதாகிருஷ்ணன் கோட்டைக் கழற்றினார், டையைத் தளர்த்தினார். லாவ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு லோரி நின்ற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இராஜம்மா வீட்டு முற்றத்தில் நின்று, கையைக் கண்ணுக்குக் குடையாக வைத்து மேலே பார்த்தாள்.

"யாரு மேல? டைரக்டர் சாரா?"

ராதாகிருஷ்ணன் சன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"சார், லோரி வராது சார். மழை நின்னு நாளாகியும் அந்தப் பாதை காயாது. போன மாசம் அதைச் சொல்லத்தான் உங்க ஆபீசுக்கு வந்தோம். வாசல்ல காவலுக்கு நின்ன ஜாகா எங்கள உள்ள விடலை."

சன்னல் இடுக்கு வழியாகக் குரல் தெளிவாகக் கேட்டது. அவள் கத்தவில்லை. மேலே கேட்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரை நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போனோம். அந்த நாற்காலி இங்கதான் கிடக்கு. உங்களுக்குக் கொண்டாரவா சார்?"

ராதாகிருஷ்ணனின் முகம் கறுத்தது. "என்னைப் பார்த்துச் சிரிக்க ஆள் சேர்த்துட்டியா நீ? இதுக்குத்தான் இந்த நாடகமா?" என்றார் குணபூசணியைப் பார்த்து.

"யாரும் சிரிக்கலை. நல்லா பாருங்க."

உண்மையில் கீழே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. லாவ் மெல்ல, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். குணபூசணி ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். மரப்பாலம், கல்லுப்பாலம், ஆம்புலன்ஸ், நாற்காலி, பீப்பாய். ராதாகிருஷ்ணன் இடைமறித்தபோது லாவ் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

நெஞ்சு வலிக்காரர் ஒருவர் இந்தப் பெட்டியில் இருந்தால் எவ்வளவு நேரத்தில் இறக்குவீர்கள் என்றார் லாவ்.

"அதைத்தான் இப்போ பார்த்துக்கிட்டிருக்கோம்," என்றாள் குணபூசணி.

லாவ் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். குணபூசணி இன்னும் கொஞ்ச நேரம் அந்த வெக்கையில் அவர்களை உட்கார வைத்தாள். கடைசியாக வாக்கிடாக்கியை வாங்கி, "ஓட்டு வாசு," என்றாள். வென்றுவிட்டோம் என்ற நினைப்பு அவளுக்கு இல்லை. இதை இராமலிங்கம் உயிரோடு இருந்தபோது செய்திருக்கலாமே என்ற ஒன்றுதான் மண்டைக்குள் குடைந்தது.

"இதோட உங்க வேலை முடிஞ்சுது," என்றார் ராதாகிருஷ்ணன்.

"தெரியும்."

அன்று மாலையே சண்முகரத்தினம் அவளை அனுப்பிவிட்டார். அப்பாவிடமும் பேசியிருக்கிறார் போல. அப்பா அவளோடு சில வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் செந்தூலில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்து, கால்வாய்க்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் படம் வரைந்தாள்.

லோரி கம்பிக்குக் கீழே போகும்வரை காப்புறுதி கிடையாது என்று லாவ் எழுதிவிட்டார். பூங்காவின் திறப்புவிழாத் தேதி ஏற்கெனவே பத்திரிகைகளில் வந்துவிட்டது. அடுத்த மாதம், ரெண்டாவது கட்டம் என்று தள்ளிப்போட்ட பாலத்தை இரவும் பகலும் வேலை செய்து மூன்று மாதத்தில் கட்டி முடித்தார்கள். முடித்த கையோடு அதன் இரண்டு முனையிலும் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார்கள். பூங்கா வண்டிகளுக்கு மட்டும் என்று மூன்று மொழியில் எழுதி மாட்டினார்கள். சாவி ஹோட்டல் ஜாகாவிடம்.

திறப்புவிழாவன்று காலையில் இராஜம்மாவும் லயத்துப் பெண்களும் கடப்பாரையோடு வந்து இரண்டு கேட்டையும் கழற்றி ஆற்றில் தள்ளினார்கள். மாலையில் போலீஸ் வந்து இராஜம்மாவைக் கூட்டிப்போனது. வாசு மறுபடி போன் பண்ணினான். குணபூசணி தெரிந்த வக்கீல் ஒருவரை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் ஜாமீன் கையெழுத்துப் போட்டாள்.

இராஜம்மா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. குணபூசணியும் அதை எதிர்பார்க்கவில்லை.

"வேலை போயிடுச்சாமே," என்றாள் இராஜம்மா.

"வேற கிடைச்சிடுச்சு."

"எனக்கு உங்க மேல கோவம் இன்னும் அடங்கலை மிஸ். சொல்லிடுறேன்."

"அடங்க வேணாம் அக்கா."

இராஜம்மா அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "கேட்டைத் திருப்பிப் போடுவானுங்களா?"

"போடுவாங்க."

"போடட்டும்," என்றாள் இராஜம்மா. பிறகு காரின் கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "என்னை அந்தப் பாலத்து மேலயே கொண்டுபோய் விடுங்க. ஜாகா நிறுத்தினா நிறுத்தாதீங்க."

குணபூசணி அப்படியே செய்தாள். ஜாகா நிறுத்தவில்லை. கம்பெனி இன்னொரு முறை கேட் போட்டது; பெண்கள் இன்னொரு முறை கழற்றினார்கள், இந்தத் தடவை பகலில், விருந்தாளிகள் மேலே பெட்டிகளில் போய்க்கொண்டிருக்கும்போது. மூன்றாவது கேட் வரவில்லை. ஸ்கூல் பஸ் லயத்து வாசல்வரை வர ஆரம்பித்தது.